அண்ணனும் தம்பியும் பசு லட்சுமியும்

ரமண மகரிஷியின் குடும்பக் கதை

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மக்களுக்கு மாட்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அருகில்தான் உம்பளாச்சேரி. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு மாட்டு இனம் இருக்கிறது. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். வளர வளரச் சாம்பல் நிறமாக மாறிவிடும். இடுப்பளவு சேறானாலும் சளைக்காமல் உழும். இந்த இனத்தைக் காப்பதற்காக, கொருக்கையில் அரசாங்கப் பண்ணையே இருக்கிறது.

மாடு செத்துப்போனால் அன்று அடுப்பு எரியாத வீடுகள் இந்தப் பக்கத்தில் உண்டு.

ஆனால் செத்த பசுவுக்குச் சமாதி கட்டி, அந்தச் சமாதிக்கு வெண்பா எழுதிக் கொடுத்த ஒருவரை நீங்கள் அறிவீர்களா? நாய்க்குச் சோறு வைத்த பிறகுதான் மனிதர்களுக்கு இலை போடவேண்டும் என்று சொன்னவரை?

அவர்தான் ரமண மகரிஷி.

உலகம் அவரைத் துறவி என்று சொல்லும். துறவி என்றால் உறவை விட்டவர். அவரும் ஒரு நாள் அண்ணனிடம் பொய் சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போனவர்தான். ஆனால் அந்த உறவு அவரை விட்டதா? இல்லை. அண்ணன் தேடி வந்தார். தம்பி தேடி வந்து, கூடவே தங்கிவிட்டார். தங்கை, தம்பியின் பிள்ளையை எடுத்து வளர்த்தார். அவர்களோடு நாயும், குரங்கும், அணிலும், மானும், பசுவும் சேர்ந்து ஒரு பெரிய குடும்பம் ஆயிற்று.

அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

ஐந்து ரூபாய்

பாண்டி நாட்டில் திருச்சுழி என்று ஓர் ஊர். இப்போது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே சுந்தரம் ஐயர் என்ற வக்கீல் இருந்தார். மனைவி பெயர் அழகம்மாள். இவர்களுக்கு நான்கு குழந்தைகள். மூத்தவன் நாகசாமி. இரண்டாவது வேங்கடராமன். மூன்றாவது நாகசுந்தரம். கடைசியாக ஒரே பெண், அலமேலு.

வேங்கடராமன் பிறந்தது 1879 டிசம்பர் 30-ந் தேதி. இவர்தான் பின்னாளில் ரமணர் ஆனார்.

1892-ல் தகப்பனார் இறந்துவிட்டார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். சின்னப் பிள்ளைகள் இருவரும் தாயாரோடு மானாமதுரையில் தங்கினார்கள். வாழ்ந்த வீடு இப்படிப் பிரிவது நம் நாட்டில் புதிதல்ல. குழந்தைகள்தான் பாவம்!

1896-ல் வேங்கடராமனுக்கு வயது 16. ஒரு நாள் திடீரென்று அவருக்கு மரண பயம் வந்தது. உடம்பில் ஒரு நோயும் இல்லை. ஆனாலும் இதோ சாகப்போகிறோம் என்று தோன்றிற்று. கீழே படுத்து, பிணம்போல் கையையும் காலையும் விறைத்துக்கொண்டு, சாவு என்றால் என்ன என்று தமக்குள்ளே விசாரித்தார். அதன் பிறகு ஆளே மாறிப்போனார். படிப்பில் மனம் செல்லவில்லை. மணிக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார்.

அண்ணன் நாகசாமிக்கு இது பிடிக்கவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை அவர். தம்பி படித்து முன்னுக்கு வரவேண்டும் என்ற கவலை அவருக்கு.

அந்த வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி. வேங்கடராமன் ஓர் ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதவேண்டும். வாத்தியார் கொடுத்த தண்டனை அது. இரண்டு தடவை எழுதினார். மூன்றாவது தடவை எழுதும்போது புத்தகத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பார்த்துக்கொண்டே இருந்த நாகசாமிக்குப் பொறுக்கவில்லை. சாமியார் மாதிரி இருக்கிறவனுக்கு இந்தப் படிப்பும் வீட்டு சுகமும் எதற்கு என்று கேட்டுவிட்டார்.

அண்ணன் தம்பியைத் திட்டுவது எந்த வீட்டில் இல்லை? அன்று அந்தச் சொல் தம்பியின் மனத்தில் போய்த் தைத்தது. அண்ணன் கேட்டது சரிதானே என்று நினைத்தார். எழுந்தார். பள்ளிக்கூடத்தில் தனி வகுப்பு இருக்கிறது என்று பொய் சொன்னார்.

அண்ணனுக்கு அது தெரியாது. அப்படியானால் பெட்டியில் இருக்கும் ஐந்து ரூபாயை எடுத்துப் போய், தன் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு என்று சொன்னார்.

வேங்கடராமன் மூன்று ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி இரண்டு ரூபாயோடு ஒரு சீட்டு எழுதி வைத்தார். தன்னைத் தேடவேண்டாம், தேடுவதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று எழுதினார். அண்ணனின் காலேஜ் சம்பளம் கட்டப்படவில்லை என்பதையும், இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்பதையும் மறக்காமல் குறித்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் வெறும் கோடு.

கடவுளைத் தேடிப் போகிற பையன், அண்ணனுக்குச் சம்பளப் பாக்கி வந்துவிடக்கூடாதே என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

திண்டிவனத்துக்கு ரயில் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. மீதி 3 அணா. வழியில் விழுப்புரத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் ரயிலிலும் பாக்கி தூரம் நடந்தும் போனார். பசி வந்தது. காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு சாகும் வரையில் அந்த ஊரை விட்டு அவர் வெளியே போகவே இல்லை.

அண்ணன் வந்தார்

இரண்டு வருஷம் வரையில் பிள்ளை இருக்கும் இடம் வீட்டாருக்குத் தெரியாது. 1898-ல்தான் தகவல் கிடைத்தது. முதலில் சித்தப்பா ஒருவர் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். பயன் இல்லை.

நாகசாமி அப்போது உத்தியோகத்தில் இருந்தார். நினைத்தபோது லீவு கிடைக்காது. கிறிஸ்துமஸ் விடுமுறை வரையில் காத்திருந்து, தாயாரை அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

திருவண்ணாமலையில் பவழக்குன்று என்ற சிறு குன்று. அங்கே ஒரு பாறைமேல் வாலிபர் ஒருவர் கிடந்தார். சடை பிடித்த தலை. வெட்டாத நகம். இடுப்பில் ஒரு கோவணம். தாய்க்கு மட்டும் அடையாளம் தெரிந்தது.

தினமும் பலகாரம் செய்து கொண்டுபோனாள். அழுதாள். கெஞ்சினாள். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் மனம் இரங்கி, பதிலையாவது எழுதிக் காட்டும்படி சொன்னார்கள். நடப்பது நடந்தே தீரும், நடக்காதது என்ன செய்தாலும் நடக்காது, ஆகவே மௌனமாக இருப்பதே நல்லது என்ற கருத்தை எழுதிக் கொடுத்தார்.

தாயும் மூத்த மகனும் வெறுங்கையோடு திரும்பினார்கள். தான் சொன்ன ஒரு சொல்லால் தம்பி போய்விட்டான். அந்தத் தம்பியை அழைத்துக்கொண்டு திரும்ப முடியவில்லை. அந்த ரயில் பயணத்தில் நாகசாமியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1900-ல் நாகசாமி இறந்துபோனார்.

காவிரிக் கரையிலிருந்து தம்பி

வீட்டில் இப்போது ஆண்பிள்ளை என்று மிஞ்சியது நாகசுந்தரம் ஒருவர்தான். 1902-ல் அவர் அண்ணனைப் பார்க்க வந்தார். ரமணர் அப்போது மலைமேல் விரூபாக்ஷ குகையில் இருந்தார். தம்பி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணன் அசையவில்லை. வாய் திறக்கவும் இல்லை.

தம்பி ஊர் திரும்பினார். வேலை தேடிக்கொண்டார். கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு வேலை கிடைத்த ஊர் எது தெரியுமா? நம்முடைய காவிரிக் கரைத் திருவெண்காடு! சீர்காழிக்கும் பூம்புகாருக்கும் இடையில் இருக்கிறதே, அந்த ஊர்தான்.

துக்கம் அவரை விடவில்லை. ஓர் ஆண் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு மனைவி இறந்துபோனாள்.

தாயார் அழகம்மாளும் ஊரில் ஒவ்வொருவராக இழந்துவிட்டு, 1916-ல் திருவண்ணாமலைக்கே வந்துவிட்டாள். பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட வந்தவள், கடைசியில் பிள்ளை இருக்கும் இடத்தையே வீடாக்கிக்கொண்டாள். ரமணர் இன்னும் மேலே உள்ள கந்தாசிரமத்துக்குக் குடிபோனார். தாயார் அங்கே சமையல் தொடங்கினாள். அதுவரையில் அங்கே அடுப்பே கிடையாது. பிச்சை எடுத்து வந்த சோறுதான்.

தாயார் திருவெண்காட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். நாகசுந்தரம் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தார். வந்த புதிதில் அவரும் ஊருக்குள் போய்ப் பிச்சை எடுத்தே சாப்பிட்டார். பிறகு காவி உடுத்தி, நிரஞ்சனானந்த சுவாமி என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தப் பெயர் ஏட்டில்தான். எல்லோரும் அவரைச் சின்னசாமி என்றே கூப்பிட்டார்கள். பெரிய சாமிக்குத் தம்பி அல்லவா!

சரி, அந்தத் தாயில்லாத குழந்தை என்ன ஆயிற்று?

அத்தை அலமேலு இருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவளும் கணவர் பிச்சு ஐயரும் குழந்தையை எடுத்துக்கொண்டார்கள். சொந்தப் பிள்ளைபோல் வளர்த்தார்கள். இரண்டு அண்ணன்மார் சாமியாராகப் போனார்களே, அவர்கள் கவலை இல்லாமல் போக முடிந்ததற்கு இந்தத் தங்கையும் ஒரு காரணம். புத்தகங்களில் அவளுக்கு இரண்டு மூன்று வரிதான் ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. அந்தக் குழந்தையே பிற்காலத்தில் ரமணாசிரமத்தின் தலைவர் ஆயிற்று.

1922 மே 19-ந் தேதி தாயார் காலமானாள். அன்று பகல் முழுவதும் ரமணர் ஒரு கையைத் தாயின் மார்பிலும், மறு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். சின்னசாமி அந்தச் சமாதிக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். ரமணர் மலையிலிருந்து தினமும் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போவார். ஆறு மாதம் இப்படி நடந்தது. ஒரு நாள் இறங்கி வந்தவர் திரும்பி ஏறவில்லை. தாயின் சமாதியும் தம்பியின் குடிசையும் இருந்த அந்த இடமே ரமணாசிரமம் ஆயிற்று.

அது அல்ல, அவன்

பள்ளிக்கூட இலக்கணத்தில் மனிதர் உயர்திணை, மிருகம் அஃறிணை என்று படிக்கிறோம். ரமணர் இந்த இலக்கணத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நாயையோ பசுவையோ அவர் அது என்று சொல்லமாட்டார். அவன், அவள் என்றுதான் சொல்வார். ஆசிரமத்து நாய்கள் அவருக்குப் பையன்கள். பையன்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்று அவர் விசாரித்தால், புதிதாக வந்தவர்கள் யாரோ மாணவர்களைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்!

சாப்பாட்டில் ஒரு வரிசை இருந்தது. முதலில் நாய்கள். அடுத்தபடி பிச்சைக்காரர்கள். கடைசியில்தான் பக்தர்கள்.

கமலா என்று ஒரு நாய் இருந்தாள். மலையைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களை அவளோடு அனுப்பினால் போதும். குளம், குகை, கோயில் என்று ஒன்று விடாமல் அழைத்துப்போய்க் காட்டி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாள். கூலி கேட்காத வழிகாட்டி!

மலையில் இருந்த காலத்தில் ஒரு குரங்குக் குட்டியைப் பெரிய குரங்கு கடித்துக் காலை முடமாக்கிவிட்டது. செத்துப்போகும் என்று கூட்டம் அதை விட்டுவிட்டுப் போயிற்று. ரமணர் எடுத்துவந்து மருந்து போட்டுக் காப்பாற்றினார். நொண்டி என்று பெயர். ரமணரின் மடியில்தான் உட்காருவான். சாப்பிடும்போது ஒரு பருக்கையும் சிந்தமாட்டான். ஒரு நாள் சிந்தினான். ரமணர் கண்டித்தார். நொண்டிக்குக் கோபம் வந்து, அவரை முகத்தில் ஓர் அறை அறைந்துவிட்டான்! அதற்குத் தண்டனை, சில நாள் மடியில் இடமில்லை. நொண்டி சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சினான். மறுபடி மடி கிடைத்தது. பிற்காலத்தில் அவனே அந்தக் குரங்குக் கூட்டத்துக்கு ராஜா ஆனான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அணில்கள் அவருடைய சோபாமேல் ஏறி, அவர் கையிலிருந்தே கடலை வாங்கித் தின்னும். கடலை வைப்பதற்குத் தனியாக ஒரு டப்பா உண்டு.

1924-ம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் இரவு. ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். அங்கே திருட என்ன இருக்கிறது? அவர்களுக்கு அது தெரியாது. ஜன்னலை உடைத்தார்கள். உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எல்லோரும் வெளியேறிவிடலாம் என்று ரமணர் முடிவு செய்தார். வெளியே போகும் முன் அவர் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? கருப்பன் என்ற வயதான நாயை முதலில் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். திருடர்கள் அவனை அடித்துவிடுவார்களோ என்ற பயம்.

நாய் தப்பிற்று. ரமணருக்குத்தான் இடது தொடையில் அடி விழுந்தது! திருப்பி அடிக்கப் புறப்பட்ட சீடரையும் அவர் தடுத்துவிட்டார்.

லட்சுமி வந்தாள்

1926-ல் குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பக்தர் ஒரு பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்தார். ஆசிரமத்தில் அப்போது தொழுவம் இல்லை. சுற்றிலும் காடு. சிறுத்தை வரும். ஆகையால் இரண்டையும் ஊருக்குள் ஓர் அன்பரிடம் ஒப்படைத்தார்கள்.

அந்தக் கன்றுதான் லட்சுமி. ரமணர் சொன்னபடி நாமும் இனி அவள் என்றே சொல்லுவோம்.

ஒரு நாள் அவளை ஆசிரமத்துக்கு ஓட்டிவந்து காட்டினார்கள். மறுநாள் முதல் அவளே தனியாக வர ஆரம்பித்தாள். காலையில் ஊரிலிருந்து புறப்பட்டு வருவாள். நேரே ரமணர் இருக்கும் இடத்துக்குப் போவாள். அவர் தடவிக் கொடுப்பார். பழம் கொடுப்பார். மாலையில் ஊர் திரும்புவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் தினமும் இதே நடை!

முன்பு மலையில் கீரைப்பாட்டி என்று ஒரு கிழவி இருந்தாள். காட்டில் கீரை பறித்துச் சமைத்து, இளம் வயது ரமணருக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். அந்தப் பாட்டியே பசுவாகப் பிறந்து வந்திருக்கிறாள் என்று ஆசிரமத்தில் பலர் நம்பினார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ரமணருடைய பிறந்த நாளன்றே லட்சுமி மூன்று தடவை கன்று போட்டாள் என்று ஆசிரமத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தொழுவத்தால் வந்த சண்டை

சின்னசாமி இதற்குள் ஆசிரமத்தின் நிர்வாகி ஆகிவிட்டார். சர்வாதிகாரி என்று பட்டம். பெயரைக் கேட்டாலே ஆளைப் பற்றித் தெரிந்துவிடும். கண்டிப்பானவர். கோபக்காரர். வரவு செலவைப் பிடித்த பிடியில் வைத்திருப்பவர். அவரோடு பலருக்கு மனஸ்தாபம். கோர்ட்டுவரை போனவர்களும் உண்டு.

ரமணரோ காலணாவையும் கையால் தொடாதவர். ஒருவர் தொடாமல் இருக்கவேண்டுமானால் இன்னொருவர் எண்ணித்தானே ஆகவேண்டும்? வந்தவர்களுக்கெல்லாம் இலை போட அரிசி எங்கிருந்து வரும்? அந்தப் பாரத்தைத் தம்பி சுமந்தார். கெட்ட பெயரையும் சேர்த்துச் சுமந்தார்.

1930-களில் ஆசிரமத்துக்குத் தொழுவம் கட்டும் பேச்சு வந்தது. கையில் பணமில்லை, சிறியதாகப் போதும் என்றார் சின்னசாமி. பெரிதாகக் கட்டவேண்டும் என்பது ரமணரின் எண்ணம். ஆனால் தம்பியிடம் நேரில் வாதாடவில்லை. கட்டட வேலையைக் கவனித்த அண்ணாமலை சுவாமி என்ற சீடரை அழைத்துத் தனியாகச் சொல்லிவிட்டார். பசுவுக்குப் பெரிய வீடு கட்டினால் கோயில், சமையல் கட்டு, புத்தகசாலை எல்லாம் தானாக வரும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

சீடர் அஸ்திவாரத்தைப் பெரிதாகத் தோண்டினார். சின்னசாமிக்கு வந்ததே கோபம்! கத்தினார். அண்ணன்தான் சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது. சீடரும் காட்டிக் கொடுக்கவில்லை. தொழுவம் பெரிதாகவே எழுந்தது. பணமும் எப்படியோ வந்தது.

புதுமனை புகும் நாள் வந்தது. லட்சுமிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். மாலை போட்டார்கள். அவளோ தொழுவத்தை விட்டு நேரே ரமணர் இருந்த கூடத்துக்குப் போனாள். அவர் முன்னால் படுத்துவிட்டாள். அவர் எழுந்து கூட நடந்த பிறகுதான் புது வீட்டுக்குள் அடி வைத்தாள்.

மற்றக் காரியங்களில் ரமணர் தம்பியின் சட்டத்துக்கு அடங்கியே நடந்தார். பகல் 12 மணி முதல் 2 மணி வரை அவர் ஓய்வெடுக்கட்டும், அந்த நேரத்தில் யாரும் கூடத்துக்குள் வரக்கூடாது என்று நிர்வாகம் ஒரு விதி போட்டது. அன்று பகல் ரமணர் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே யாரும் வரக்கூடாது என்பதால், தாம் வெளியே வந்து பக்தர்களைப் பார்க்கிறாராம்! விதியை மீறவும் இல்லை, வந்தவர்களை ஏமாற்றவும் இல்லை.

தம்பியை அவர் கைவிட்டதும் இல்லை. 1938-ல் உயில் எழுதியபோது, ஆசிரம நிர்வாகத்தைச் சின்னசாமிக்கும் அவருக்குப் பின் அவர் வாரிசுக்கும் என்று எழுதிவைத்தார். 1902-ல் கட்டிக்கொண்டு அழுத தம்பிக்குக் கிடைக்காத பதில் அதில் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குள் ரமணரின் பெயர் கடல் கடந்து போய்விட்டது. பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் 1934-ல் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரர்கள் பலர் வந்தார்கள். சாமர்செட் மாம் என்ற பிரபல நாவலாசிரியர் 1938-ல் வந்தார். யார் வந்தாலும் அணில் டப்பாவும் பையன்கள் சாப்பாடும் அந்தந்த நேரத்தில் நடந்துகொண்டுதான் இருந்தன.

மூன்று மரணங்கள்

1948 ஜூன் 18-ந் தேதி. லட்சுமிக்கு முடியவில்லை. தொழுவத்தில் படுத்திருந்தாள். மூச்சு வாங்கிற்று.

ரமணர் போனார். அவருக்கு அப்போது வயது 68. முழங்காலில் வாதம். ஆனாலும் வைக்கோலில் உட்கார்ந்தார். லட்சுமியின் தலையைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கை அவள் தலையிலும், மறு கை அவள் மார்பிலும் இருந்தன. 26 வருஷத்துக்கு முன் தாய்க்கும் அப்படித்தான் கை வைத்தார். முகத்தோடு முகம் சேர்த்துக் கொஞ்ச நேரம் இருந்தார். பகலில் லட்சுமியின் மூச்சு அடங்கியது.

ஆசிரமத்துக்குள்ளேயே அவளுக்குக் குழி தோண்டினார்கள். பாலும் தண்ணீரும் ஊற்றி நீராட்டினார்கள். மஞ்சள் குங்குமம் இட்டுப் பட்டுப் போர்த்தினார்கள். ஒரு மான், ஒரு காகம், ஒரு நாய் ஆகியவற்றின் சமாதிகள் அங்கே முன்பே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். ரமணர் தமிழில் ஒரு வெண்பா எழுதினார். லட்சுமி முக்தி அடைந்த நாளை அதில் குறித்திருக்கிறார். வருஷம், மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் அதில் இருக்கின்றன. நம் வீடுகளில் பெரியவர்கள் போனால் திதி குறித்து வைக்கிறோமே, அப்படி. இப்போது போனாலும் அந்தச் சமாதிகளைப் பார்க்கலாம். லட்சுமியின் உருவத்தைச் சிலையாகச் செய்து மேலே வைத்திருக்கிறார்கள்.

1949 மார்ச்சு மாதம் தாயாரின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. சின்னசாமி பல வருஷம் பாடுபட்டு எழுப்பிய கற்கோயில் அது. தாய்க்கு இளைய மகன் செய்த காரியம். மூத்தவர் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

அப்போதே ரமணரின் இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. புற்றுநோய். அந்த ஒரு வருஷத்தில் நான்கு தடவை அறுவை செய்தார்கள். கட்டி மறுபடி மறுபடி வந்தது.

1950 ஏப்ரல் 14-ந் தேதி இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு அவர் உயிர் பிரிந்தது. சின்னசாமி அதன் பிறகு மூன்று வருஷத்துக்கும் குறைவாகவே இருந்தார். 1953 ஜனவரியில் அவரும் போய்விட்டார்.

அண்ணனின் கடைசி நாட்களைப் பற்றி ஒன்று சொல்வார்கள். ஆசிரமத்தில் ஒரு வெள்ளை மயில் இருந்தது. 1947-ல் பரோடா மகாராணி அனுப்பி வைத்தது. ரமணர் படுத்திருந்த சிறிய அறையின் கூரைமேல் அது ஏறி நின்று, இடைவிடாமல் கத்திற்று. வெளியே நூற்றுக்கணக்கான ஜனங்கள் கண்ணீரோடு நின்றார்கள். வைத்தியர்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். ரமணர் கண்ணைத் திறந்து, அவனுக்கு இன்று தீனி வைத்தீர்களா என்று கேட்டாராம்.